குண்டான மட்டக்குதிரை நொண்டினால் நடத்துவதா, நிறுத்துவதா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் பிள்ளைகளுக்காக ஒரு மட்டக்குதிரை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் கொள்ளும் கோதுமைத் தவிடும், நடுநடுவே வெல்லக்கட்டி, மீதி நேரம் கோ-4 பச்சைத் தீவனப்புல். நன்றாகக் கொழுத்துவிட்டது. மூன்று நாளாக முன்னங்கால்களை ஊன்றத் தயங்குகிறது, திருப்பினால் வர மறுக்கிறது. ஊசி போட்ட அன்று நடந்தது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. இதுதான் நீங்கள் எழுதியது. "கொழுப்பு கரைய ஓடவிடுங்கள்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதைக் கேட்கலாமா, பிள்ளைகள் மறுபடி எப்போது ஏறலாம் என்பவை உங்கள் கேள்விகள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இது உடம்பு கனத்த சோம்பலா, காலில் வலியா? வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தை மட்டும் பார்த்து நோயை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கொழுத்த மட்டக்குதிரை, மாவும் சர்க்கரையும் மிகுந்த தீனி, இரண்டு முன்னங்காலிலும் தயக்கம், திரும்பும்போது கூடுதல் வேதனை ஆகிய நான்கும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய். மருத்துவர் வந்து பார்த்து வேறு காரணம் சொல்லும்வரை அதுதான் என்று கருதி நடந்துகொள்ளுங்கள். இன்றே நடத்துவதை நிறுத்துங்கள். ஓடவிடுகிற பேச்சே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குளம்பின் அமைப்பு அப்படி. குளம்புச் சுவருக்கும் அதனுள் இருக்கும் எலும்புக்கும் நடுவே, காளான் குடையின் அடியில் தெரியும் மடிப்புகளைப் போல, நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. குதிரையின் எடையில் பெரும்பங்கு உள்ளங்காலில் உட்காருவதில்லை. எலும்பு இந்த மடிப்புகளைப் பிடித்துத் தொங்குகிறது. அந்தப் பிடி தளர்ந்தால் மேலிருந்து உடம்பின் எடை அழுத்தும், பின்னாலிருந்து தசைநாண் இழுக்கும், எலும்பின் நுனி கீழ்நோக்கிச் சாயும். முற்றிய நிலையில் உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டே வெளிவரும். தளர்ந்த பிடியோடு எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் மிச்சமிருக்கும் பிடியைக் கிழிக்கிறது. ஓடவிட்டால் கொழுப்பு கரைவதற்கு முன் குளம்பு போய்விடும்.

கொழுப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எடை கூடியதால் கால் வலிக்கிறது என்பது பாதி உண்மைதான். பெரிய பங்கு இன்சுலினுக்கு. மட்டக்குதிரைகள் குறைந்த தீனியில் பிழைக்கிற இனம். அவற்றில் பலவற்றுக்கு மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போனதும் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறுகிறது. 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நோயில்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றியபோது மூன்று நாளுக்குள் லேமினைட்டிஸ் வந்தது. இன்சுலின் மட்டுமே போதும் என்று அது காட்டியது. ஆகவே உங்கள் குதிரையின் நோய் காலில் தெரிந்தாலும் அதன் வேர் தீனித் தொட்டியில் இருக்கிறது. காலுக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பத் திரும்ப வரும்.

மருத்துவர் வருமுன் நீங்களே சிலவற்றைப் பார்த்து வைக்கலாம். முன்னங்காலில் கணுக்கால் மூட்டின் பின்புறம், இரு பக்கமும், தோலுக்கடியில் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த கட்டு ஒன்று விரலுக்குக் கயிறு போலத் தட்டுப்படும். அதன்மேல் இரண்டு விரலை மெல்ல வைத்தால் நாடி தெரியும். அழுத்தினால் காணாமல் போகும். நோயில்லாத குதிரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். லேமினைட்டிஸிலோ குளம்புக்குள் சீழ் இருந்தாலோ விரலைத் தள்ளுவதுபோலத் துடிக்கும். இரண்டு முன்னங்காலிலும் துடித்தால் லேமினைட்டிஸ் பக்கம் சாய்கிறது, ஒரே காலில் மட்டும் என்றால் சீழ்க்கட்டியோ ஆணியோ இருக்கலாம். குளம்புச் சூட்டை மட்டும் நம்பவேண்டாம். வெயிலில் நின்ற குதிரைக்கு நான்கு குளம்பும் சுடும். நிற்கிற விதத்தைப் பாருங்கள்: முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளி, குதிகாலில் நிற்கும். நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றித் தூக்கும். ஒரு காலில் நொண்டுகிற குதிரை அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். இரண்டு காலும் ஒரே அளவு வலித்தால் தலை ஆடாது, அடி மட்டும் குட்டையாகும். அதனால்தான் இது நொண்டல் மாதிரியே தெரியாமல் சோம்பலாகத் தெரிகிறது. மணலில் ஓரளவு நடந்து, சிமெண்டிலும் கல்லிலும் நின்றுவிடுகிறதா என்பதை இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னால் போதும். சோதிப்பதற்காக நடத்த வேண்டாம்.

குளம்பின் வெளிச்சுவரையும் பாருங்கள். அதில் வளையங்கள் இருந்து, முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால், சத்தமில்லாமல் பழைய தாக்குதல் ஒன்று வந்துபோயிருக்கிறது என்று பொருள். பிடரியின் அடியில் கையை வைத்தால் கெட்டியான கொழுப்புத் திட்டாக, ஒரு பக்கமாகச் சாய்கிற அளவுக்கு இருந்தால் இன்சுலின் கோளாறுக்கு அது வலுவான அடையாளம். விலா எலும்பை விரலால் தேட வேண்டியிருந்தால் குதிரை கொழுத்திருக்கிறது.

வேறு காரணங்களை ஒதுக்காமல் இருப்பதும் முக்கியம். திடீரென்று ஒரே காலைத் தரையில் வைக்கவே முடியாமல் போனால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ். வடிந்துவிட்டால் ஓரிரு நாளில் ஆச்சரியப்படும் அளவு நன்றாகிவிடும். ஆனால் லேமினைட்டிஸ் குளம்பிலும் சீழ் சேரும், ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. உள்ளங்காலைச் சுத்தம் செய்யும்போது ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால், அது இன்னும் ஆழமாக இறங்கும் என்ற நிலை இல்லாவிட்டால் பிடுங்காதீர்கள். குத்திய ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால் அது எதைத் தொட்டது என்று தெரியும். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் இடத்தையும் கோணத்தையும் படமெடுத்து, துளையைச் சுற்றிக் குறியிட்டு வையுங்கள். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) மிக எளிதில் வரும். குளம்பில் எந்தக் காயமானாலும் டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தீனிப் பட்டியலைப் பார்க்கும்போது இன்னும் இரண்டு சந்தேகங்கள். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லிலும் கொழுக்கட்டைப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு, அது இருக்கிற சுண்ணாம்புச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுக்கும். ஒருநாள் இந்தக் கால், இன்னொரு நாள் அந்தக் கால் என்று நொண்டல் மாறும். முற்றினால் முகத்தெலும்பு வீங்கும். மாட்டுக்குக் கொடுக்கிற அதே தீவனம் மாட்டை இந்த அளவு பாதிக்காது, ஏனென்றால் அதன் அசை வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். இரண்டாவது, வேலியில் சூபாபுல் இருக்கிறதா? சிலர் அதைச் சவுண்டல் என்பார்கள். தொடர்ந்து தின்கிற குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும், குளம்பும் கெடும். அப்படி மயிர் கொட்டியிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி முதல் இரண்டு நாள் செய்ய வேண்டியது. கெட்டித் தரையிலிருந்து மாற்றி, குதிரை எங்கே நின்றாலும் காலடியில் குறைந்தது ஒரு சாண் மெத்தை இருக்கும்படி மணலோ தென்னைநார்க் கழிவோ மரச்சீவலோ பரப்புங்கள். ஓரம்வரை பரப்ப வேண்டும், தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்திலும்தான், ஏனென்றால் அது அதிகம் நிற்கிற இடம் அதுதான். குளம்பு அதில் புதைந்து உள்ளங்காலுக்குத் தாங்கல் கிடைக்கும். வைக்கோலைப் பரப்பினால் தின்றுவிடும். மணலில் வைத்தால் தீனியைத் தரையில் போடாமல் அகலமான தொட்டியில் வையுங்கள், மணல் வயிற்றுக்குப் போனால் வயிற்றுவலி வரும். லாடம் இல்லாத குளம்பாக இருந்தால், இரண்டு அங்குலக் கெட்டி நுரைப்பலகையைக் குளம்பின் அளவுக்கு வெட்டி உள்ளங்காலில் வைத்துத் துணி டேப்பால் கட்டலாம். டேப் மயிர் தொடங்கும் கோட்டுக்கு மேலே இறுகக் கூடாது. பொட்டலம் கட்டுகிற தெர்மாகோல் சீக்கிரம் நசுங்கும், அவசரத்துக்கு அதுதான் கிடைத்தால் நசுங்கியதும் மாற்றுங்கள்.

ஐஸ் வைப்பது பற்றி. தானிய மூட்டையை உடைத்துத் தின்றுவிட்ட குதிரைக்கு, நொண்டல் தொடங்கும் முன்பே, கணுக்காலுக்கு மேல்வரை ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் விடாமல் வைத்திருந்தால் குளம்பைக் காப்பாற்றலாம் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். விட்டுவிட்டு அரைமணி நேரம் வைப்பதில் அந்தப் பலன் இல்லை. இன்சுலினால் வரும் வகையில், நொண்டல் தொடங்கிய பிறகு ஐஸ் எவ்வளவு உதவும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. வலி குறையும், கெடுதல் இல்லை. உங்களுக்கு மூன்று நாள் கடந்துவிட்டது, ஆகவே ஐஸுக்காக அலைவதைவிட மெத்தையையும் தீனியையும் முதலில் சரிசெய்யுங்கள்.

வலிக்கு மருந்து கட்டாயம் வேண்டும், ஆனால் மருத்துவர் கையால். குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்ஸின், மெலாக்ஸிகாம் போன்றவை வழக்கம். மூன்றில் எதையும் இன்னொன்றோடு சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2006-லேயே தடை வந்தது, வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். "ஊசி போட்ட அன்று நடந்தது" என்றீர்களே, அது என்ன ஊசி என்று கேளுங்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருந்தால் மறுபடி போட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது இன்சுலினை இன்னும் ஏற்றி லேமினைட்டிஸைக் கூட்டக்கூடும். வலி மறைந்த குதிரை நடக்கத் தொடங்கும், அதுவும் ஆபத்து. மருந்தில் இருக்கும்போது நன்றாக நடப்பதைக் குணமாகக் கணக்கிடாதீர்கள்.

தீனிதான் இந்த நோயின் நடுப்புள்ளி. கொள்ளு, தவிடு, வெல்லம், மக்காச்சோளம், ரொட்டி, வாழைப்பழம், கரும்புத் தோகை எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். குதிரை என்றால் கொள்ளு என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். நாள் முழுக்க வேலை செய்த வண்டிக்குதிரைக்கு அது பொருந்தியது, தோப்பில் சும்மா நிற்கிற மட்டக்குதிரைக்குப் பொருந்தாது. அதே சமயம் பட்டினி போடாதீர்கள். இதை இரண்டு முறை படியுங்கள். கொழுத்த மட்டக்குதிரைக்குத் திடீரெனத் தீனி நின்றால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கி ஈரலை அடைத்துவிடும். அந்த நிலை லேமினைட்டிஸைவிட வேகமாக உயிரை எடுக்கும். சோர்ந்து, தீனியையே மறுத்தால் அன்றைக்கே மருத்துவர் வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு எடை தெரிய வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்து முனைவரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் சுமார் 206 கிலோ. அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது சுமார் 3 கிலோ, ஈரம் நீங்கிய கணக்கில் ஒரு நாள் தீனி. காய்ந்த புல்லாக 3.4 கிலோ வரும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைக் குறைக்காதீர்கள். கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள், கை எப்போதும் கூடுதலாகவே அள்ளும். நாலைந்து வேளையாகப் பிரித்து, சின்னக் கண்ணுள்ள வலைப்பையில் வைத்தால் மெதுவாகத் தின்னும்.

உங்கள் பக்கத்தில் கிடைப்பதில் முற்றிக் காய்ந்த கொழுக்கட்டைப்புல் நல்ல தேர்வு, ஆக்சலேட்டுக்கு ஈடாகச் சுண்ணாம்புச்சத்து உள்ள தாது உப்புக் கலவையும் சேர்த்து. புல்லைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்பது புல்லுக்குப் புல் பெரிதும் மாறும். நம் வெயிலில் இரவு முழுக்க ஊறினால் புளித்துவிடும். நெல் வைக்கோலை மட்டுமே கொடுத்தால் சத்தும் போதாது, குடலில் அடைப்பும் வரலாம். புல்லோடு கொஞ்சம் கலக்கலாம். பச்சைச் சோளப்பயிர் குதிரைக்கு வேண்டவே வேண்டாம், சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்பையும் பாதிக்கும். குதிரைமசால் காய்ந்ததாக நாளுக்கு இரண்டு மூன்று கைப்பிடி புரதத்துக்கும் சுண்ணாம்புக்கும் உதவும், ஆனால் சில குதிரைகளுக்கு அதனால் கால் வலி கூடுவதாகச் சொல்லும் வளர்ப்பாளர்கள் உண்டு. நோய் தணிந்த பிறகு சேர்த்துப் பாருங்கள்.

மருத்துவரைக் கூப்பிடும்போது 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் உதவும். வருகிறவர் பெரும்பாலும் மாடுகளையே பார்ப்பவராக இருக்கலாம், அது அவர் குறையில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் இருக்கிறது. போன் செய்து குதிரையின் குளம்புக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த நிலையில் லாரி ஆட்டம் குதிரைக்குக் கொடுமை. கையில் தூக்கி வரும் எக்ஸ்ரே கருவி இடத்துக்கே வந்தால் அதுவே மேல், ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வண்டியில் தடிமனாக மணல் போடுங்கள். படுத்தே கிடக்கிறது, சும்மா ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு இதயத் துடிப்பு 60-ஐத் தாண்டுகிறது (வழக்கமாக 30 முதல் 45 வரை இருக்கும், இடது முழங்கைக்குப் பின்னால் காது வைத்து எண்ணலாம்), மயிர்க்கோட்டுக்கு மேல் விரல் புதைகிற பள்ளம் தெரிகிறது, உள்ளங்கால் முன்பக்கம் புடைத்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எக்ஸ்ரே இரண்டு காலுக்கும், பக்கவாட்டில், மரக்கட்டைமேல் நிறுத்தி, குளம்பின் முன்சுவரில் ஒரு கம்பியை ஒட்டி எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் சுவரிலிருந்து எலும்பு எவ்வளவு விலகியது, எவ்வளவு இறங்கியது, அடியில் எத்தனை மில்லிமீட்டர் உள்ளங்கால் மிச்சம் என்று அளக்க முடியும். குளம்பு சீவுகிறவர் அந்தப் படத்தைப் பார்த்தே சீவவேண்டும். நீண்டுபோன குதிகாலைத் தாழ்த்துவதும், முன்முனையைப் பின்னுக்குக் கொண்டுவருவதும் வேலை. முன்பக்க உள்ளங்காலைச் செதுக்கி மெல்லியதாக்குவது பெருங்கெடுதல். மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள், இரண்டு குளம்பும் அமைப்பிலேயே வேறு. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவவேண்டி வரும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும், புதிய சுவர் முழுதாக இறங்க ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும்.

இன்சுலின் சோதனை செய்யலாம், ஆனால் மனிதர்களுக்கான லேப்களில் உள்ள எல்லாக் கருவியும் குதிரை இன்சுலினைச் சரியாக அளப்பதில்லை. குதிரைக்குச் சரிபார்த்த முறையா என்று முதலில் கேளுங்கள். சோதனை கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நிற்காது, உணவுக் கட்டுப்பாடு எப்படியும் அதேதான். வயது பதினைந்தைத் தாண்டி, ரோமம் நீண்டு உதிராமல் இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறும் இருக்கலாம், அதற்குத் தனிச் சோதனையும் மருந்தும் உண்டு. இன்சுலினைக் குறைக்கும் புது மாத்திரைகள் சில ஆண்டுகளாகக் குதிரைகளில் பயன்படுத்தப்படுகின்றன. பலன் தெரிகிறது, ரத்தக் கொழுப்பை ஏற்றும் அபாயமும் தெரிகிறது. கடுமையான குதிரைகளுக்கு மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது அது. எடை வாரத்துக்கு உடம்பின் நூற்றில் அரை முதல் ஒரு பங்கு இறங்கினால் போதும். வாரம் ஒருமுறை ஒரே நாளில் நெஞ்சுச் சுற்றளவை எடுத்துக் குறித்து வையுங்கள். தனியே அடைபட்ட குதிரை வாடும், கண்ணுக்கெட்டும் இடத்தில் ஓர் ஆட்டைக் கட்டினால் பெரிய ஆறுதல்.

பிள்ளைகள் ஏறுவது பற்றிக் கேட்டீர்கள். எந்த வலிமருந்தும் இல்லாமல் சில வாரம் தயக்கமின்றி நடந்து, நாடி அடங்கி, மறு எக்ஸ்ரேயில் எலும்பு நகரவில்லை என்று உறுதியான பிறகு, மென்தரையில் கையில் பிடித்து ஐந்து நிமிடம் நடத்தத் தொடங்குங்கள். மறுநாள் நாடியைப் பார்த்து, துடிப்பு கூடியிருந்தால் மறுபடி ஓய்வு. அப்படிப் படிப்படியாக அரைமணி நேர நடை தாங்கிய பிறகே ஏறுகிற பேச்சு. லேசான தாக்குதலுக்கே இது மாதக்கணக்கு, எலும்பு சாய்ந்திருந்தால் ஓராண்டுகூட ஆகலாம், சில குதிரைகள் சவாரிக்குத் திரும்பாமலே போகும். ஏறும் நாள் வந்தால் சேணத்தோடு சேர்த்து எடை, இளைத்த பிறகுள்ள குதிரையின் எடையில் நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருக்கட்டும். 180 கிலோக் குதிரைக்கு அது 27 கிலோ. மூத்த பிள்ளை அதைத் தாண்டியிருந்தால் இந்தக் குதிரை இளையவருக்கு மட்டும்தான்.